திட்டாமல் விட்ட மகனுக்கு

கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமைதான் உன்னைச் சென்னைக்கு பஸ் ஏற்றிவிட்டேன். வாரம் முடிவதற்குள் நைனாவிடமிருந்து கடிதம் வருகிறதே, என்ன ஆயிற்றோ என்று பயப்படாதே. உடம்பெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, முட்டிவலி மட்டும் எப்போதும் போல. இதை போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். "சரி நைனா, சரி நைனா" என்பாய். நடுவில் யாராவது உன்னைக் கூப்பிடுவார்கள், "அப்புறம் பேசறேன் நைனா" என்று வைத்துவிடுவாய். அந்த "சரி நைனா"வைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துப் போய்விட்டது. முன்பெல்லாம் நீ இப்படிச் சரி சொல்கிற பிள்ளையே இல்லை. எதற்கெடுத்தாலும் "அது ஏன் அப்பிடி?" என்று கேட்டு என் உயிரை வாங்குவாய். கடிதம் என்றால் குறுக்கே சரி சொல்ல முடியாது பார், முழுசாகப் படித்துத்தான் ஆக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிடும்போது உன்னிடம் ஒன்று கேட்டேன். "முட்டி ஒத்துழைக்கல கண்ணு, நான் இன்னும் ரொம்ப நாள் ஓட்ட முடியாது. நீ வெளிநாடு போறதுக்கு முன்னாடி லாரியை உன் பேருக்கு மாத்திடட்டா? அதை இன்னா பண்றதுன்னு நீயே பாத்துக்கோ" என்றேன். நீ சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தாய். "எனக்கு எதுக்கு நைனா? நான் தொட்டா எதுனா ஆயிடும்" என்றாய். வேடிக்கையாகத்தான் சொன்னாய். அதற்கப்புறம் நன்றாகவே சாப்பிட்டாய், ரசம் கூடக் கேட்டு வாங்கிக்கொண்டாய். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. உன் அம்மா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நீ போன பிறகு இன்னொன்றும் அவள்தான் சொன்னாள். ராணிப்பேட்டையில் நீ வேலை கற்றுக்கொண்டாயே, அந்த ஆட்டோ எலக்ட்ரிகல் கடைக்காரர், தன்னோடு கூட்டாக வந்துவிடு என்று உன்னைக் கூப்பிட்டாராம். நீ மாட்டேன் என்றுவிட்டாயாம். அதை விட்டுவிட்டு, வளைகுடாவில் ஏதோ ஒரு கிடங்கில் வந்த பெட்டி, போன பெட்டி பார்க்கிற வேலைக்கு விசா வாங்கியிருக்கிறாய். அது கேவலமான வேலை என்று நான் சொல்லவில்லை. உழைத்துச் சாப்பிடுகிற எந்த வேலையிலும் கேவலம் இல்லை. ஆனால் நீ ஆசைப்பட்டு அந்த வேலையை எடுக்கவில்லை. அங்கே எதையும் கழற்றி மாட்ட வேண்டியதில்லை என்பதற்காக எடுத்திருக்கிறாய். உன்னை அப்படி ஆக்கியவன் நான்தான், அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நீ பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒரு நாள் லாரி ஹாரனைக் கழற்றி மாட்டினாய், நினைவிருக்கிறதா? காந்தி ரோட்டில் கூட்டத்தில் ஒரு தடவை அமுக்கினேன், அவ்வளவுதான், அது நிற்கவே இல்லை. வீடு வரும்வரை கத்திக்கொண்டே வந்தது. துணிக்கடைகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்து பார்த்தார்கள், ஒரு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. நான் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நீதானே பண்ண? நீயே நிறுத்து" என்று இறங்கிப் போய்விட்டேன். நீ முன்பக்கத்தைத் திறந்து, எதை எதையோ இழுத்து, கடைசியில் நிறுத்திவிட்டாய். அன்றைக்கு இருந்த புத்தி எனக்கு அப்புறம் எங்கே போனது என்று தெரியவில்லை.

அந்த ஃபேன் விஷயத்தை நீயும் நானும் இதுவரை ஒரு தடவைகூட வாய்விட்டுப் பேசவில்லை. இப்போது பேசிவிடலாம். நம் லாரியில் ரேடியேட்டருக்குப் பின்னால் இருந்த ஃபேன், எஞ்சினோடு பெல்ட் போட்டுக் கட்டியது. எஞ்சின் சுற்றினால் அதுவும் சுற்றும். வெயிலோ மழையோ, எஞ்சின் சூடாக இருக்கிறதோ இல்லையோ, அதற்குக் கவலை இல்லை. அது போடுகிற இரைச்சலில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவன் பேசுவது காதில் விழாது. என் காது மந்தமானதற்குப் பாதிக் காரணம் அந்த ஃபேன், மீதிக் காரணம் நம் தெருவில் ஓடுகிற விசைத்தறி என்று நான் சொல்வேன். தன் பேச்சைக் கேட்காமல் இருக்க நானே வைத்துக்கொண்ட சாக்கு என்று உன் அம்மா சொல்வாள். நீ டிப்ளமோ முடித்துவிட்டு, வந்தவாசிப் பக்கம் நெல் ஏற்ற என்னோடு வந்த அன்று ஆரம்பித்தாய். "நைனா, வண்டி ஓடும்போது எதிர்க்காத்தே போதும். இது எதுக்குச் சும்மா சுத்திகினு கீது? எஞ்சின் சக்தியைத் தின்னுகினு கீது. கார்ல இருக்கற மாதிரி கரண்ட் ஃபேன் ரெண்டு போட்டுட்டா, சூடு ஏறும்போது மட்டும் சுத்தும், அப்புறம் தானா நின்னுடும்" என்றாய். "அப்போ லாரி செஞ்சவன் மடையனா?" என்றேன். "அது அந்தக் காலம்" என்றாய். "நானும் அந்தக் காலம்தான், என்னையும் கழட்டிப் போட்டுடு" என்றேன். 

ஆனாலும் நீ விடவில்லை. சென்னையில் பழைய கார் சாமான் விற்கிற கடைகளில் அலைந்து இரண்டு ஃபேன் வாங்கி வந்தாய். இரண்டும் வேறு வேறு காரிலிருந்து கழற்றியவை. அலுமினியத் தகட்டை வெட்டி ரேடியேட்டர் அளவுக்குச் சட்டம் செய்தாய். சூடு ஏறினால் தானாக ஃபேனைப் போட்டு, குறைந்தால் அணைக்கிற சுவிட்ச், தடிமனான ஒயர், ஃபியூஸ் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தாய். பக்கத்துக் காலி மனையில் வண்டியை நிறுத்திவிட்டு அதன் அடியிலேயே குடியிருந்தாய். உன் கையெல்லாம் கிரீஸ் என்று அம்மா சோற்றை உருட்டி உன் வாயில் போட்டாள், கல்யாண வயசுப் பிள்ளைக்கு ஊட்டுகிறாள் பார் என்று தெருவே சிரித்தது. அப்போதே நீ என்னிடம் இரண்டு விஷயம் சொன்னாய். "நைனா, சூடு காட்டற மீட்டர் செத்துப்போய் ரொம்ப நாளாச்சு, அதை மாத்திடலாம். செல்ஃப் மோட்டாரும் சரியா இழுக்க மாட்டேங்குது, அதையும் பாக்கணும்" என்றாய். "மீட்டரைப் பாத்தா இத்தனை வருஷம் ஓட்டினேன்? எஞ்சின் சத்தத்தைக் கேட்டே சொல்லுவேன்" என்றேன். வண்டியைக் கிளப்புகிற செல்ஃபுக்கும் ஒரு வழி வைத்திருந்தேன். காலையில் ஒரு தடவை ஸ்டார்ட் செய்தால் சாயந்திரம் வீடு வரும்வரை எஞ்சினை அணைப்பதே இல்லை. டீ குடித்தாலும் சரி, லோடு இறக்கினாலும் சரி, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். இந்தப் பக்கத்துப் பழைய வண்டிக்காரர்களில் பாதிப் பேர் இப்படித்தான்.

நீ மாட்டி முடித்த அன்று, ஆரணி தாண்டியதும் எனக்கு ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. எஞ்சின் நின்றுவிட்டதோ என்று பார்த்தேன், ஓடிக்கொண்டுதான் இருந்தது. இரைச்சல் இல்லை, அவ்வளவுதான். கதவு ஆடுகிற சத்தம், டயர் ரோட்டில் தேய்கிற சத்தம், எங்கேயோ வயலில் மயில் கத்தியது, எல்லாம் கேட்டது. படவேட்டிலிருந்து வாழைத்தார் லோடோடு வரும்போது மேட்டில் வண்டி லேசாக ஏறியது. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? உன் அம்மாவிடம் "வண்டிக்குப் பத்து வயசு குறைஞ்ச மாதிரி கீது" என்றேன். களம்பூர் டீக்கடையில் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொன்னேன். உன்னிடம் என்ன சொன்னேன்? நீ வாசலிலேயே காத்திருந்து "எப்பிடி நைனா ஓடுது?" என்று கேட்டாய். "ம், பரவால்ல" என்றேன். ஊருக்கெல்லாம் சொன்னதை உனக்குச் சொல்ல என் வாய்க்கு என்ன கேடு வந்தது என்று தெரியவில்லை. பிள்ளையை முகத்துக்கு நேரே மெச்சினால் தலைக்கு ஏறிவிடும் என்று ஒரு நினைப்பு. இன்று அதை நினைத்தால் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

அப்புறம் தை மாத அறுவடை வந்தது. களம்பூர் மில் வாசலில் நெல் லாரிகள் வரிசை கட்டி நின்றன. அன்றைக்கு நீயும் என்னோடு வந்திருந்தாய். வரிசை கொஞ்சம் நகரும், நிற்கும், மறுபடி கொஞ்சம் நகரும். நீ எடை மேடைக்கு டோக்கன் வாங்கப் போனாய். நான் வழக்கம் போல எஞ்சினை அணைக்காமல், ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். வரிசை நகரவில்லை என்று அங்கேயே உட்கார்ந்து கதை பேசினேன். யாரோ கத்துகிற சத்தம் கேட்டுத் திரும்பினால், நம் வண்டியின் முன்பக்கமிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. ஓடி வந்து சாவியைத் திருப்பினேன். அதற்குள் ரேடியேட்டர் தண்ணீர் கொதித்து வெளியே கொட்டிவிட்டது. எஞ்சினின் மேல்பாகம், ஹெட், சூட்டில் போய்விட்டது என்று நின்ற இடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

கூட்டம் கூடிவிட்டது. மில் மேஸ்திரி, மற்ற டிரைவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், ஆளுக்கொரு பேச்சு. "கார் ஃபேனைக் கொண்டாந்து லாரிக்குப் போட்டா இப்பிடித்தான் ஆவும்" என்றார் மேஸ்திரி.  நீ பேட்டரியிலிருந்து நேராக ஃபேன்களுக்கு ஒயர் கொடுத்தாய். இரண்டும் சுற்றின. கீழே கிடந்த உமியை ஒரு கை அள்ளி ரேடியேட்டருக்கு முன்னால் விட்டாய். இடது பக்கம் விட்ட உமி உள்ளே இழுபட்டுப் போய்க் கம்பியில் ஒட்டியது. வலது பக்கம் விட்ட உமி திரும்பி உன் முகத்திலேயே வந்து அடித்தது. ஒரு ஃபேன் காற்றை உள்ளே இழுக்கிறது, இன்னொன்று வெளியே தள்ளுகிறது. இரண்டும் வேறு வேறு கார்களுடையவை, ஒயர் நிறம் ஒன்றுக்கொன்று மாறியிருந்ததில் ஒன்று தலைகீழாகச் சுற்றியிருக்கிறது. நீ ஒன்றைச் சோதித்துவிட்டு, மற்றதும் அப்படித்தான் என்று விட்டிருக்கிறாய். ரோட்டில் ஓடும்போது எதிர்க்காற்று காப்பாற்றியது, கொஞ்ச நேரம் நிறுத்தினாலும் தாங்கிவிட்டது, அன்று லோடோடு வரிசையில் நின்று நின்று போனபோது காப்பாற்ற ஒன்றுமில்லை. உமி ஒட்டிய முகத்தோடு நீ அப்படியே நின்றாய். சில பேர் சிரித்தார்கள்.

அப்போது நான் என்ன செய்தேன்? உன் தோளில் கையைப் போட்டேன். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "சின்னப் பையன், ஆசையா செஞ்சான். போவட்டும் விடுங்கப்பா. இன்னா இப்போ, வண்டிதானே?" என்றேன். மேஸ்திரி, "உன்ன மாதிரி அப்பன் யாருக்கு வாய்க்கும்? என் பையன் இப்பிடிச் செஞ்சிருந்தா தோலை உரிச்சிருப்பேன்" என்றார். எனக்கு அது நன்றாக இருந்தது, கண்ணு. எஞ்சின் போன துக்கத்திலும் நன்றாக இருந்தது. பெரிய மனசுக்காரன் என்று பேர் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

இப்போது யோசித்துப் பார். ஒயரை மாற்றி மாட்டியது நீ. அது உன் தப்புதான், இல்லை என்று சொல்லப் போவதில்லை. ஆனால் எஞ்சினை அணைக்காமல் டீ குடிக்கப் போனது யார்? மீட்டர் இருந்திருந்தால் வரிசையில் நிற்கும்போதே சூடு ஏறுவது தெரிந்திருக்கும், அதை மாற்ற விடாதவன் யார்? சத்தத்தைக் கேட்டே சொல்லுவேன் என்று பீற்றிக்கொண்டவன் அந்த நேரத்தில் வடை தின்றுகொண்டிருந்தான். தப்பில் பெரிய பங்கு என்னுடையது. அது அங்கேயே, உன் தோளில் கை போட்ட அந்த நிமிஷமே எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே உன்னை மன்னித்தேன். உன்னை மன்னிக்க நான் யார்? உனக்கும் தெரியும். "மீட்டரை மாத்தச் சொன்னேனே நைனா" என்று நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கூட்டத்தில் என்னை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று பேசாமல் இருந்தாய்.

வண்டியைக் கட்டி இழுத்து வந்தோம். ஹெட்டைச் சரி செய்ய மெக்கானிக் வந்தபோது நீ பக்கத்தில் வந்து நின்றாய். "நைனா, அந்த ரெண்டு ஒயரை இடம் மாத்திட்டாப் போதும். இப்பவே மாத்திடறேன். அப்புறம் நாள் முழுக்க நிக்க வெச்சே ஓட்டிக் காட்டறேன்" என்றாய். எனக்குக் கோபமே வரவில்லை. உன் தலையைத் தடவி, "போதும் கண்ணு. நீ பட்ட பேஜார் போதும். வெயில்ல நிக்காத, உள்ள போய்ப் படு" என்றேன். பழைய ஃபேனையே மாட்டச் சொன்னேன். நீ அந்த இரண்டு ஃபேனையும் கழற்றி, இறக்கை இறக்கையாகத் துடைத்து, கோணிப்பையில் கட்டிப் பரண் மேல் வைத்தாய். அதோடு வண்டிப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டாய். அப்புறம் ஒரு நாள் நீ ஊரில் இல்லாதபோது மீட்டரையும் செல்ஃபையும் மாற்றிக்கொண்டேன். அதை இன்றுவரை உன்னிடம் சொல்லவில்லை.

நான் செய்ததை அன்பு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் மிக்ஸி நின்றுபோனால் முன்பெல்லாம் உன் கைதான் முதலில் போகும். அப்புறம் "கடையில குடுத்துடும்மா" என்றாய். டியூப்லைட் மாற்றக்கூட ஆள் கூப்பிடச் சொன்னாய். பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது, அடங்கிவிட்டான் என்று நான் சந்தோஷப்பட்டேன் பார், என்னை என்ன சொல்வது? சென்னையில் ஆபீஸ் வேலை என்றாய், சரி என்றேன். வெளிநாடு என்றாய், அதற்கும் சரி என்றேன். இரண்டு வருஷமாக நாம் ஒருவருக்கொருவர் சரி சொல்லியே காலத்தை ஓட்டியிருக்கிறோம்.

நீ பஸ் ஏறிப் போன அன்று உன் அம்மா விடவில்லை. "ஏங்க, அன்னிக்கே அவனை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்ல?" என்றாள். "அவனே நொந்து போயிருந்தான், அவனைப் போய்த் திட்டச் சொல்றியா?" என்றேன். அவள் தறிக்கார வீட்டில் பிறந்தவள், உனக்குத் தெரியும். "எங்க வூட்ல பட்டு இழை யார் கையில அறுந்தாலும் எங்கப்பா கத்துவாரு. கத்திட்டு, அவங்களையேதான் முடிச்சு போட வெப்பாரு. வேற யாரும் கை வெக்கக் கூடாது. சின்னதுல தறிக்கு நீட்டி வெச்ச பாவு நூலை முழுசா நான் சிக்கலாக்கிட்டேன். அழுதுகினே நான்தான் ஒவ்வொரு இழையா பிரிச்சேன். அப்புறம் எனக்குத் தறி மேல பயமே வரல. நீங்க அவனை முடிச்சு போட வுடலையே" என்றாள்.  கல்யாணமான நாளிலிருந்து தன் பேச்சுக்கு நான் பதில் பேசாமல் இருந்தது அதுதான் முதல் தடவை என்று பிறகு அவளே சொன்னாள்.

அவள் சொன்னதும் எனக்கு என் முதல் முதலாளி நினைவுக்கு வந்தார். நான் ஓட்டப் பழகிய புதிதில், அவருடைய லாரியைப் பின்னால் எடுக்கும்போது ஒரு மதில் சுவரை இடித்துத் தள்ளிவிட்டேன். அவர் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. ரோட்டில் போகிறவர்கள் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள். எனக்கு ஒரு பிள்ளை பிறந்தால் நாலு பேர் முன்னால் அவனை இப்படித் திட்ட மாட்டேன் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். அதைக் காப்பாற்றியும் விட்டேன். ஆனால் திட்டி முடித்த கையோடு அவர் செய்ததை மறந்துவிட்டேன். சாவியை என் மேல் விட்டெறிந்து, "ஏறு. ஏறி ஒழுங்கா பின்னால எடு" என்றார். ஏறினேன், எடுத்தேன். பாவம் சின்னப் பையன் என்று அவர் அன்று என்னை இறக்கிவிட்டிருந்தால் நான் டிரைவர் ஆகியிருக்கவே மாட்டேன். இத்தனை வருஷமும் எனக்கு அந்தத் திட்டு மட்டும்தான் நினைவிலிருந்தது.

வியாழக்கிழமை களம்பூர் போனேன். மேஸ்திரி அதே மில்லில்தான் இருக்கிறார். "அன்னிக்கு வண்டி கொதிச்சுதே, அது பையன் தப்பு மட்டும் இல்ல. நான்தான் எஞ்சினை ஆஃப் பண்ணாம டீ குடிக்கப் போனேன். மீட்டரை மாத்தலாம்னு அவன் முன்னாடியே சொன்னான், நான்தான் வேணாம்னேன்" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எந்த வண்டி? எப்போ?" என்றார். நான் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. "அய்ய, அதை இப்போ சொல்லி இன்னா ஆவப் போவுது?" என்று மூட்டை எண்ணப் போய்விட்டார். டீக்கடையிலும் சொன்னேன், யாரும் பெரிதாகக் காதில் வாங்கவில்லை. ஊர் எப்போதோ மறந்துவிட்டது, கண்ணு. நீ ஒருவன்தான் அதை இன்னும் சுமந்துகொண்டு இருக்கிறாய்.

உன்னைப் போகாதே என்று சொல்ல இதை எழுதவில்லை. போவதானால் ஆசைப்பட்டுப் போ, பயந்துகொண்டு போகாதே. போன இடத்தில் ஒரு மெஷின் நின்றுபோனால், ஆள் வருவதற்கு முன்னால் நீயும் ஒரு தடவை குனிந்து பார். நாளைக்கு உனக்கும் ஒரு பிள்ளை பிறக்கும். ஆசையாக எதையாவது செய்து, கெடுத்து, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உன் முன்னால் வந்து நிற்கும். அதன் தலையைத் தடவி அனுப்பிவிடாதே. கோபம் வந்தால் கோபப்படு. பிறகு அதை மறுபடி அதன் கையிலேயே கொடு. உன் தப்பும் அதில் இருந்தால் அதையும் அப்போதே சொல்லிவிடு, என்னைப் போல நாள் கடத்தாதே.

நேற்று வண்டியிலிருந்த பழைய ஃபேனைக் கழற்றினேன். முட்டியை மடக்க முடியவில்லை. உன் அம்மாதான் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தாள், நான் கேட்டதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தாள். கழற்றியதைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டேன், வீட்டில் வைத்திருந்தால் எனக்கே புத்தி மாறிவிடும். இப்போது வண்டியில் எந்த ஃபேனும் இல்லை. தெருமுனை தாண்டினால் கொதித்துவிடும். அறுவடை ஆரம்பித்துவிட்டது, நெல் லோடும் ஒத்துக்கொண்டிருக்கிறேன். பரண் மேல் இருக்கிற கரண்ட் ஃபேனை நானே மாட்டித் தரட்டுமா என்று மெக்கானிக் கேட்டார். என் பையன் வருவான் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

இது கையில் கிடைத்ததும் கிளம்பி வா. டிக்கெட் வேலை இருக்கிறது, பெட்டி கட்டணும் என்று சொல்லாதே, அதெல்லாம் அப்புறம். வந்து நீயே மாட்டு. மறுபடி தப்பாக மாட்டினாலும் பரவாயில்லை. அப்படி மாட்டினால் விசைத்தறிச் சத்தத்தையும் மீறி இந்தத் தெருவே கேட்கிற மாதிரி உன்னைத் திட்டுவேன். திட்டிவிட்டு, நீ சரி செய்து முடிக்கிற வரை பக்கத்திலேயே நிற்பேன். வேறு யாரையும் தொட விடமாட்டேன்.

உன் நைனா